ரெண்டே நாளில் அரிப்பு நின்றால் சந்தேகப்படுங்க

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, பேச்சு நடை மாறாமல் சற்றே சுருக்கித் தரப்பட்டுள்ளது.)

நான் ஒரு தோல் மருத்துவர். திண்டுக்கல்லில் இருந்து பழனி போற சாலையில், ஒட்டன்சத்திரத்துக்கு முன்னாடி வர்ற ரெட்டியார்சத்திரத்தில் கிளினிக் வச்சிருக்கேன். இன்னைக்கு அபூர்வமான வியாதி எதைப் பத்தியும் பேசப் போறதில்லை. தினமும் என் முன்னாடி இருக்கிற ஸ்டூலில் வந்து உட்கார்ற ஒரு வியாதியைப் பத்திப் பேசப் போறேன். படை. சில வீடுகளில் படர்தாமரைன்னு சொல்வாங்க. வண்டுக்கடின்னு சொல்றவங்களும் உண்டு.

கேக்குறவங்க நிறைய பேர் சென்னை, கோவை, பெங்களூருன்னு இருப்பீங்க. இது ஏதோ காட்டு வேலை செய்றவங்க பிரச்சனைன்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஜிம் போறவங்க, பைக்கில் டெலிவரி பண்றவங்க, ஹாஸ்டல் ரூமுக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போடுறவங்க, காலையில் போட்ட இறுக்கமான ஜீன்ஸை ராத்திரிதான் கழட்டுறவங்க, எல்லாருக்கும் வர்றது இது. வந்தவுடனே எல்லாரும் செய்ற முதல் வேலையும் ஒண்ணுதான். மெடிக்கலுக்குப் போய் "அண்ணே, அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுங்க" என்பது. இன்னைக்கு என் பேச்சு படையைப் பத்திப் பாதி, அந்த ட்யூபைப் பத்திப் பாதி.

வட்டம் ஏன் வட்டமா இருக்கு?

படை ஒரு பூஞ்சை. நம்ம தோலின் மேல்படலம், முடி, நகம் மூணுக்கும் அடிப்படை கெரட்டின் என்ற புரதம். அந்தக் கெரட்டினைத் தின்னு வாழ்ற பூஞ்சைகள் ஒரு குடும்பம் இருக்கு. தோலுக்கு மேலே இருக்கிற செத்த படலத்தில்தான் அது குடியிருக்கும். பொதுவா ஆழமா உள்ளே இறங்காது. ஒரு புள்ளியில் ஆரம்பிச்சு, நாலா பக்கமும் வெளியே பரவும்.

நம்ம உடம்பு அதைச் சும்மா விடாது. ரத்தத்தை அனுப்பும், எதிர்ப்பு அணுக்களை அனுப்பும். அந்தச் சண்டையைத்தான் நாம சிவப்புன்னும் அரிப்புன்னும் பார்க்கிறோம். நடுவில் பூஞ்சை தோத்த இடம் ஆறிக்கிட்டு வரும். ஓரத்தில் சண்டை நடந்துக்கிட்டே இருக்கும். அதனால் ஓரம் மட்டும் தடிச்சு, சிவந்து, செதில் செதிலா இருக்கும். நடுவில் தோல் கிட்டத்தட்ட சாதாரணமா இருக்கும். படை வட்டமா இருக்கிறதுக்குக் காரணம் இவ்வளவுதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கிளினிக்கில் நான் என்ன பண்ணுவேன்? முதலில் பார்ப்பேன். தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை, அக்குள், மார்புக்குக் கீழே, பிட்டம். ஈரமும் வேர்வையும் தங்குற இடம் எல்லாம் பார்க்கணும். நோயாளி ஒரு இடத்தைத்தான் காட்டுவார். கேட்டால்தான் மத்ததைக் காட்டுவார். அடுத்து ரெண்டு கேள்வி. "வீட்டில் வேற யாருக்கு இருக்கு?" "இதுவரை என்ன போட்டீங்க?"

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னப் பரிசோதனை. ஓரத்துச் செதிலை மழுங்கின பிளேடால் லேசாச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வச்சு, பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விடுவோம். பத்திருபது நிமிஷத்தில் கெரட்டின் கரைஞ்சிரும், பூஞ்சை கரையாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிளை விட்ட நூல் மாதிரி தெரியும். வலி கிடையாது, ஸ்கேன் கிடையாது. இந்தச் சோதனைக்கு ஆகிற செலவு ரொம்பக் குறைவு.

ட்யூபுக்குள்ளே என்ன இருக்கு?

மெடிக்கலில் 'அரிப்புக்கு' என்று கேட்டால் கையில் வர்ற பல ட்யூப்களில் மூணு நாலு மருந்து கலந்திருக்கும். ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு பாக்டீரியாக்கொல்லி, கூடவே ஒரு ஸ்டெராய்டு. பெரும்பாலும் அந்த ஸ்டெராய்டு க்ளோபெட்டசாலா இருக்கும், இல்லைன்னா பீட்டாமெத்தசோன். தோலில் பூசுற ஸ்டெராய்டுகளில் ரொம்ப வீரியமான பிரிவைச் சேர்ந்தது க்ளோபெட்டசால். 1952-ல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் முதன்முதலா ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கிடைச்சதை எழுதினாங்க. அந்த ஹைட்ரோகார்ட்டிசோனோடு ஒப்பிட்டால் க்ளோபெட்டசாலின் வீரியம் பல நூறு மடங்குன்னு கணக்கிடுறாங்க.

இப்ப அந்த வட்டத்துக்குத் திரும்ப வாங்க. சிவப்பும் அரிப்பும் உடம்பின் சண்டைன்னு சொன்னேன் இல்லையா? ஸ்டெராய்டு என்ன பண்ணும்னா, அந்தச் சண்டையை நிறுத்தும். பூஞ்சையைக் கொல்லாது. உங்க பக்கத்து ஆட்களைத் தூங்க வச்சிரும். ரெண்டே நாளில் அரிப்பு நிக்கும், சிவப்பு மங்கும். "அடடா, நல்ல மருந்து" என்று ட்யூபை மூடி வைப்பீங்க. கேக்க ஆள் இல்லாத வீட்டில் பூஞ்சை நிதானமாப் பரவும். பத்து நாள் கழிச்சுத் திரும்ப அரிக்கும். திரும்ப ட்யூப். ஒவ்வொரு சுத்துக்கும் இடம் பெருசாகும்.

"அதிலேயே பூஞ்சைக்கொல்லியும் இருக்கே டாக்டர்?" என்று கேட்பீங்க. இருக்கு. ஆனா அரிப்பு நின்னவுடனே யாரும் தொடர்ந்து போடுறதில்லை. மூணு நாலு வாரம் விடாமப் பூச வேண்டிய மருந்து நாலு நாளோட நிக்குது. பூஞ்சை அரைகுறையா அடிபட்டுப் பிழைச்சுக்குது.

இன்னொரு சிக்கல், வட்டம் கலைஞ்சிரும். ஓரம் தெரியாது, செதில் இருக்காது, வட்டத்துக்குள்ள வட்டம் வரும், சில நேரம் முகப்பரு மாதிரி கொப்புளம் வரும். பார்க்கிற டாக்டருக்கே இது படையா, எக்ஸிமாவான்னு குழப்பம் வரும். ஸ்டெராய்டு போட்டு உருமாறின படைக்கு டீனியா இன்காக்னிட்டோன்னு 1968-லேயே பெயர் வச்சுட்டாங்க. மாறுவேஷம் போட்ட படைன்னு வச்சுக்கோங்க.

எட்டு மாசமும் நாலு பேரும்

இப்ப ஒரு பெண்ணைப் பத்திச் சொல்றேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு, அடிக்கடி வர்ற பல பேரைச் சேர்த்து ஒருத்தியாச் சொல்றேன்.

வயசு இருபது இருக்கும். நூல் மில்லில் வேலை. எங்க சுத்துவட்டாரத்தில் மில்கள் நிறைய. நூல் அறாம இருக்கணும்னா காத்தில் ஈரப்பதம் இருக்கணும், அதனால் உள்ளே ஈரப்பதத்தைக் குறையாமப் பார்த்துப்பாங்க. நூலுக்கு நல்லது, எட்டு மணி நேரம் லெக்கின்ஸ் போட்டு நின்னு வேலை பார்க்கிற பொண்ணோட தொடை இடுக்குக்கு நல்லது இல்லை. அம்மாவோட வந்திருந்தாள்.

"எத்தனை நாளா இருக்கும்மா?"

"எட்டு மாசமா இருக்கு டாக்டரம்மா."

"என்ன போட்டே?"

பையில் இருந்து ட்யூபை எடுத்தாள். வாலில் இருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசிச் சொட்டு வரைக்கும் பிதுக்கின ட்யூப். "இதுதான். போட்டா ரெண்டே நாள்ல கேட்டுரும். விட்டா திரும்ப வந்துரும்."

"வீட்டுல வேற யாருக்கும் இருக்கா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பேசினாங்க. "தம்பிக்காரனுக்கு இருக்கும்மா. எனக்கும் இடுப்புல இருக்கு."

"வீட்டுக்காரருக்கு?"

"இருக்கும் போல. காட்ட மாட்டாரு."

"ட்யூப் எத்தனை வாங்குவீங்க?"

"ஒண்ணுதாம்மா. எல்லாரும் அதையேதான் போடுறோம்."

திரைக்குப் பின்னாடி அழைச்சுட்டுப் போய்ப் பார்த்தேன். ரெண்டு தொடையிலும் உட்பக்கம் கைவிரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள். பிரசவமான வயித்தில் வருமே, அந்த மாதிரி. ஸ்டெராய்டு தோலுக்கு அடியில் இருக்கிற கொலாஜன் நாரை இளைக்க வச்சதால் வந்த கோடுகள். தொடை இடுக்கில் தோல் மெலிசு, எப்பவும் மடிஞ்சே இருக்கும், அதனால் மருந்து அங்கே கூடுதலா உள்ளே இறங்கும்.

அவளுக்குத் தையில் கல்யாணம். படையைப் பத்தி அவள் கேட்கவே இல்லை. "இந்தக் கோடு அதுக்குள்ள போயிருமா டாக்டரம்மா?" என்று அதை மட்டும்தான் கேட்டாள்.

"படை போயிரும். கோட்டோட நிறம் மங்கும். முழுசாப் போகாது" என்றேன். பொய் சொல்ல முடியாது.

நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் ஆரம்பிச்சோம். அப்பா முதல் ரெண்டு தடவை வரலை. அவர் வராம இந்த வீட்டில் படை போகாதுன்னு அம்மாகிட்டச் சொல்லி அனுப்பினேன். மூணாவது தடவை வந்தார். வாசல் பக்கமே நின்னுக்கிட்டு, "பொண்ணுக்குக் கல்யாணம், அதான் வந்தேன்" என்றார். பத்து வாரத்தில் நாலு பேருக்கும் போச்சு. கோடு இருக்கு.

மெடிக்கல் அண்ணன் வில்லனா?

இல்லைங்க. ராத்திரி ஒன்பதரைக்கு எங்க ஊரில் திறந்திருக்கிறது அவர் கடைதான். டாக்டரைப் பார்க்க வந்தால் அரை நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும், ஃபீஸ் ஆகும். அவர்கிட்ட ஒரு ட்யூபோட முடிஞ்சிருது. வர்றவங்களும் பேர் சொல்லித்தான் கேக்குறாங்க. "போன தடவை கொடுத்தீங்களே, அதே குடுங்க" என்று.

சட்டத்திலேயே ரொம்ப நாள் ஒரு ஓட்டை இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கணும் என்ற ஷெட்யூல் ஹெச் பட்டியலில் மாத்திரையும் ஊசியும் வந்தன. தோலில் பூசுற மருந்துகளுக்கு விலக்கு இருந்தது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதுக்குன்னே ஒரு குழு அமைச்சுப் பல வருஷம் குரல் கொடுத்தது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் விதியைத் திருத்தி, ஸ்டெராய்டு மேற்பூச்சுகளையும் சீட்டோடுதான் விற்கணும்னு கொண்டுவந்தது. அதே வருஷம் செப்டம்பரில் 328 கலவை மருந்துகளுக்குத் தடை வந்தது. அதில் சில தோல் க்ரீம்களும் உண்டு. விதி இருக்கு. ஆனா சீட்டு இல்லாம வாங்கின ட்யூபோடுதான் இன்னமும் என்கிட்ட வர்றாங்க.

எங்க பக்கம் வயசானவங்க படைக்குச் சீமை அகத்தி இலையை அரைச்சுப் பூசுவாங்க. அதுக்கு வண்டுகொல்லின்னே ஒரு பெயர் உண்டு. அந்த இலையில் பூஞ்சைக்கு எதிரான சத்து இருக்கிறது உண்மை. சின்னதா ஒரு வட்டம் இருந்த காலத்தில் அது போதுமானதா இருந்திருக்கலாம். இப்ப வர்ற படை வேற.

புதுப் பூஞ்சை

கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இந்தியா முழுக்கப் படையோட நடத்தையே மாறிப்போச்சு. முன்னாடி ரெண்டு வாரத்தில் போனது இப்ப மாசக்கணக்கில் நிக்குது. உடம்பு முழுக்கப் பரவுது, வீடு முழுக்கப் பரவுது. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தியாவில் இருந்தும் நேபாளத்தில் இருந்தும் அங்கே போயிருந்த நோயாளிகள்கிட்ட எடுத்த பூஞ்சையைத் தனி இனமா விவரிச்சு, ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடீனியேன்னு பெயர் வச்சாங்க. படைக்கு நாங்க வழக்கமாக் கொடுக்கிற டெர்பினாஃபின் மாத்திரை, பூஞ்சையோட ஒரு நொதியைத் தடுத்துக் கொல்லும். இந்த இனத்தில் நிறைய, அந்த நொதிக்கான மரபணுவையே மாத்திக்கிட்டது. மாத்திரை போனாலும் அதுக்கு உறைக்காது.

2023 மே மாசம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயார்க்கில் ரெண்டு பெண்களுக்கு இந்தப் பூஞ்சை வந்ததை அறிவிச்சது. அந்த நாட்டில் அதுதான் முதல். அதில் ஒருத்தர் வெளிநாடே போகாதவர். ரெண்டு பேருக்குமே டெர்பினாஃபின் கேக்கலை.

இது இவ்வளவு தூரம் வளர, வீரியமான ஸ்டெராய்டு கலந்த ட்யூப்களும் ஒரு முக்கியக் காரணம்னு தோல் மருத்துவர்கள் பலர் கருதுறாங்க. நானும் அந்தப் பக்கம்தான்.

அப்ப வைத்தியம் என்ன?

மருந்து பாதி, வீட்டுப் பழக்கம் பாதி. மாத்திரையை டாக்டர்தான் முடிவு பண்ணணும். இப்ப நாங்க அதிகம் எழுதுறது இட்ராகோனசோல். அதைச் சாப்பாட்டோட எடுக்கணும். அசிடிட்டி மாத்திரை கூடவே போட்டால் உடம்பில் சரியாச் சேராது. இதய மருந்து எடுக்கிறவங்க கண்டிப்பா முன்கூட்டியே சொல்லணும். வாரக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.

பூஞ்சைக்கொல்லி க்ரீமை வட்டத்துக்கு மேல மட்டும் பூசாதீங்க. ஓரத்தைத் தாண்டி ரெண்டு சென்டிமீட்டர் வரைக்கும், கண்ணுக்குச் சாதாரணமாத் தெரியுற தோலிலும் பூசுங்க. பூஞ்சை அங்கேயும் போயிருக்கும். தோல் சரியாயிருச்சுன்னு தோணின பிறகும் ரெண்டு வாரம் தொடருங்க. பெரும்பாலானவங்க நிறுத்துறது சரியா அந்த இடத்தில்தான்.

துண்டு ஆளுக்கு ஒண்ணு. குளிச்சதும் இடுக்குகளை நல்லாத் துவட்டுங்க. உள்ளாடையை உள்பக்கம் வெளியே திருப்பி, நேரடி வெயிலில் காயப்போடுங்க. இதை எங்க ஊர்ப் பெண்கள்கிட்டச் சொல்றது சுலபம், செய்யச் சொல்றது கஷ்டம். வெளியே காயப்போடக் கூச்சப்பட்டு, சேலைக்கு அடியில் ஒளிச்சுக் காயப்போடுவாங்க. அரைகுறை ஈரத்தோட எடுத்துப் போடுவாங்க. படைக்கு அதுதான் வேணும். மொட்டை மாடியில் மேல ஒரு மெல்லிய துணியைப் போட்டாவது வெயிலில் காய வைங்கன்னு சொல்றேன்.

அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறவங்க, படை போற வரைக்கும் அதைக் கழட்டி வைக்கணும். நாள் முழுக்க வேர்வையில் ஊறிக்கிட்டு இடுப்பைச் சுத்தி இருக்கிற ஈரக் கயிறு அது. சாங்கியம் என்று தயங்குறவங்களுக்கு, "முடிஞ்சதும் புதுசு கட்டிக்கோங்க" என்று சொல்வேன். பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கோ அவங்க எல்லாரும் ஒரே நேரத்தில் வைத்தியம் எடுக்கணும். நாலு பேருக்கு மாத்திரைன்னா செலவு கூடும், அது தெரியும். முடியாதவங்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்புறேன். 2022 ஜனவரியில் திறந்த 11 புது அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒண்ணு.

வட்டம் எல்லாம் படை இல்லை

இதையும் சொல்லியாகணும். ஏன்னா இதைக் கேட்டுட்டு சிலர் நேரா பூஞ்சைக்கொல்லி க்ரீம் வாங்கப் போவீங்க.

காசு மாதிரி வட்டமா, நடுவும் சேர்த்து முழுசா நீர் கசிஞ்சு அரிச்சால் அது எக்ஸிமாவா இருக்கலாம். முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளி மாதிரிச் செதில் தடிமனா உதிர்ந்தால் சோரியாசிஸ். முதலில் உடம்பில் பெருசா ஒரு வட்டம் வந்து, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு முதுகிலும் நெஞ்சிலும் சின்னச் சின்னதா நிறைய வந்தால், அது பிட்டிரியாசிஸ் ரோசியாவா இருக்கலாம். பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தானாப் போயிரும். ராத்திரி ஆனா அரிப்பு கூடுது, விரல் இடுக்கில் பொரி, வீட்டில் எல்லாருக்கும் அரிக்குதுன்னா சிரங்கு. அது ஒரு பூச்சி, அதுக்கு மருந்தே வேற.

அக்கி வந்தால் எங்க ஊரில் இப்பவும் குயவர் வீட்டில் போய்க் காவி எழுதிட்டு வருவாங்க. அக்கி ஒரு வைரஸ். சின்ன வயசில் அம்மை போட்டப்போ நரம்பில் தங்கின அதே கிருமி, பிற்காலத்தில் முழிச்சுக்கும். ரெண்டு மூணு வாரத்தில் தோல் தானா ஆறிடும், அதனால் காவிக்குப் பேர் கிடைச்சிரும். எழுதிட்டு வாங்க, நான் தடுக்கலை. ஆனா கொப்புளம் வந்த மூணு நாளுக்குள்ள டாக்டரையும் பாருங்க. அந்த நேரத்தில் மாத்திரை ஆரம்பிச்சால் வேகமா அடங்கும். கண்ணைச் சுத்தி வந்தால் அன்னைக்கே போங்க.

கடைசியா ஒண்ணு. வெளிறின, இல்லை லேசாச் சிவந்த தழும்பு, அரிப்பே இல்லை, தொட்டால் உணர்ச்சி குறைவு. பஞ்சுத் துணுக்கால் தொட்டுப் பார்த்தால் தெரியலைன்னா தயவுசெய்து எந்த ட்யூபும் போடாதீங்க. தொழுநோயா இருக்கலாம். இந்தியா 2005 முடிவில் பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்குக் கீழே குறைச்சுட்டோம்னு அறிவிச்சது. ஆனாலும் உலகில் ஒவ்வொரு வருஷமும் புதுசாக் கண்டுபிடிக்கிறதில் பாதிக்கு மேல இன்னமும் இங்கேதான். அரசு மருந்து இலவசம். ஆறு மாசம் இல்லைன்னா ஒரு வருஷம். சீக்கிரம் பார்த்தால் ஒரு விரலும் மடங்காது. தாமதமானால் செத்த நரம்பு திரும்ப வராது. அரிக்கலை, வலிக்கலைன்னுதான் ஜனங்க இதைத் தள்ளிப் போடுறாங்க.

முகத்துக்குப் போடுற க்ரீம்

இளைஞர்கள்கிட்டப் பேசும்போது இதைச் சொல்லாம முடிக்க முடியாது. இந்த ஸ்டெராய்டு இன்னொரு வேஷத்தில் முகத்துக்கும் வருது. மங்குவுக்குன்னு ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், மோமெட்டசோன் மூணும் கலந்த க்ரீம் இருக்கு. டாக்டர் மேற்பார்வையில், குறிப்பிட்ட சில வாரங்களுக்குப் பயன்படுத்த வேண்டியது. அதைச் சிவப்பழகு க்ரீமா வருஷக்கணக்கில் பூசுறாங்க. அக்கா போட்டாள், தோழி போட்டாள், பியூட்டி பார்லரில் சொன்னாங்க.

முதல் மாசம் முகம் பளிச்சுன்னு இருக்கும். அப்புறம் தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் தெரியும். பரு வரும், பெண்களுக்கு முகத்தில் ரோமம் வளரும். வெயிலில் போனால் எரியும். நிறுத்தினால் முகம் தீப்பிடிச்ச மாதிரி சிவக்கும்; அந்தப் பயத்திலேயே திரும்பப் பூசுவாங்க. இந்த முகத்துக்குன்னே எங்க துறையில் தனிப் பெயர் இருக்கு, ஸ்டெராய்டால் சேதமான முகம்னு. உங்களுக்கு அப்படி இருந்தால் நீங்களா இழுத்துப் பிடிச்சு நிறுத்தி அவதிப்படாதீங்க. டாக்டர்கிட்டப் போங்க, படிப்படியா வெளியே கொண்டுவர வழி இருக்கு.

இதையெல்லாம் கேட்டு ஸ்டெராய்டே விஷம்னு முடிவு பண்ணிடவும் வேண்டாம். பார்த்தீனியம் செடி அலர்ஜியில் கண் இமை, கழுத்து எல்லாம் தடிச்சு, காட்டுக்குள்ள இறங்கவே முடியாத விவசாயிகள் எங்க பக்கம் இருக்காங்க. 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்டு, நாடு முழுக்கப் பரவின செடி அது. அவங்களுக்கும் எக்ஸிமா குழந்தைகளுக்கும் ஸ்டெராய்டு க்ரீம் பெரிய வரம். நானே தினமும் எழுதுறேன். எந்த வியாதிக்கு, எந்த வீரியம், எந்த இடத்தில், எத்தனை நாள் என்பது சீட்டில் இருக்கணும். ஆள்காட்டி விரல் நுனியில் இருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கினால் சுமாரா அரை கிராம். அது ரெண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். இப்படி அளவு சொல்லிக் கொடுக்கிற மருந்து அது.

இப்ப ஒரு வேலை செய்யுங்க. வீட்டில் மருந்து டப்பாவில் கிடக்கிற ட்யூபை எடுத்து, பின்னாடி பொடி எழுத்தைப் படிங்க. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன், ஹாலோபெட்டசால், இதில் ஏதாவது இருந்தால் ஸ்டெராய்டு. க்ளோட்ரிமசோல், லூலிகோனசோல், கீட்டோகோனசோல் எல்லாம் பூஞ்சைக்கொல்லி. காதில் ரெண்டும் ஒரே மாதிரி விழும், அதனால் எழுத்துக்கூட்டிப் படிங்க. ரெண்டும் ஒரே ட்யூபில் இருந்தால், அதைப் படையில் பூசாதீங்க.

ஏற்கெனவே மாசக்கணக்கில் போட்டிருந்தீங்கன்னா, டாக்டர்கிட்டப் போகும்போது அந்தக் காலி ட்யூபைக் கையோட எடுத்துட்டுப் போங்க. மறைக்காதீங்க. திட்டு விழும்னு பயந்து "எதுவும் போடலை டாக்டர்" என்று சொல்றவங்க நிறைய. நீங்க போட்டது என்னன்னு தெரிஞ்சால்தான் மாறுவேஷத்தில் இருக்கிற படையை எங்களால் அடையாளம் காண முடியும். போகிறப்போ வீட்டில் அரிக்கிற மத்தவங்களையும் கூட்டிட்டுப் போங்க, முக்கியமா 'காட்ட மாட்டேன்' என்கிற அந்த ஒருத்தரை.

இந்த எபிசோடை ஹாஸ்டல் குரூப்பில் ஒரு தடவை ஃபார்வர்ட் பண்ணிடுங்க. அடுத்த வாரம் தலைமுடி உதிர்றதைப் பத்திப் பேசலாம்.